இவர் தொடங்கின வேட்டை

ஏப்ரல் 12, சனி

இந்தக் கொப்பி இவருக்கு வாங்கினது. மனசில இருக்கிறதை ஒவ்வொரு நாளும் எழுதச் சொல்லி டொக்டர் சொன்னவர். மனுசன் அட்டையைக்கூடத் திறக்கேல்லை. நல்ல தடிச்ச கொப்பி, வீணாப் போகுதே எண்டு நான் எழுதுறன்.

இவர் எண்டா கேதீஸ்வரன், என்ர புருசன். கனடாவுக்கு வந்த நாள் தொட்டு இவர் வேலை செய்த, கார்ச் சாமான் செய்யிற கொம்பனி போன கோடையோட மூடினது. அண்டையில இருந்து கட்டில்ல கிடக்கிறார். நான் விடிய வெள்ளன முதியோர் இல்லத்துக்குப் போய், கிழடுகளைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திப்போட்டு வீட்ட வந்தா, இஞ்சை இன்னொண்டு சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கும். "சாப்பிட்டியளோ?" "ம்." "குளிச்சியளோ?" "ம்." எங்கட வீட்டில கதை இவ்வளவுதான்.

இண்டைக்கு மனுசன் தானா எழும்பி, தாடி வழிச்சு, வெளியில போனவர். திரும்பி வரேக்க கையில என்ன? வில்லு! பக்கத்துத் தெருவில ஒரு கிழவன் வீடு மாறுறானாம், கராஜில சாமான் போட்டு வித்தவனாம். மரவில்லு. நுனி ரெண்டும் வெளியால வளைஞ்சிருக்கு. ரீகர்வ் எண்டு பேராம். இப்பத்தைய வில்லுகளில இருக்கிற கப்பியும் இல்லை, குறிபாக்கிற முள்ளும் இல்லை.

"ஒக்டோபரில மான் வேட்டைக்குப் போகப்போறன்," எண்டார்.

நான் சிரிச்ச சிரிப்பில தேத்தண்ணி மூக்கால வந்திட்டுது. கண்டறியாத வில்லு.

ஏப்ரல் 27, ஞாயிறு

அம்பு விட்டுப் பழகப் பின்வளவில வேலியோட ஒரு பெரிய ஸ்பொஞ்சுப் பெட்டி வந்திட்டுது. வேலிக்கு அங்கால ரயில் பாதைதான், ஆக்கள் இல்லை. நாள் முழுக்க அதுக்கு முன்னால நிண்டு, கண்ணை மூடிக்கொண்டு அம்பு விடுறார். ஓம், கண்ணை மூடிக்கொண்டு. கை எட்டுற தூரத்தில நிண்டுகொண்டு.

"உதென்ன, குருட்டு வேட்டையோ?" எண்டு கேட்டன்.

"குறி பிறகு. முதல்ல கைக்குப் பழக வேணும். இழுத்து, கன்னத்தில விரல் முட்டின பிறகுதான் விட வேணும். ஒவ்வொரு தரமும் அதே இடம்."

ஒரே மூச்சில இவ்வளவு சொல்லிப்போட்டார். எனக்கு ஆச்சரியமாப் போச்சு.

மகள் ஆரணி வாட்டர்லூவில இருந்து வந்தவள், அங்கதான் வேலை. தகப்பன் வெயிலில நிக்கிறதைக் குசினி யன்னலால பாத்துப்போட்டு அழுதாள். "அம்மா, அப்பா கட்டிலை விட்டு எழும்பினதே இதாலதான். அவர் செய்யட்டும். நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ, பிளீஸ்."

நான் என்ன சொல்லப்போறன்? எல்லாரும் என்னை என்னவோ ராட்சசி எண்டுதான் நினைக்கினம்.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினமாம். என்ர தம்பி நிமலன் குடும்பத்தோட சாப்பிட வந்தவன். சாப்பாடு முடிய எல்லாரும் பின்வளவுக்குப் போனம். இவர் வில்லைக் காட்டி ஒவ்வொண்டாச் சொல்லுறார். நாணை முழுக்க இழுக்க நாப்பது இறாத்தல் பலம் வேணுமாம். மான் வேட்டைக்குச் சட்டப்படி மட்டுமட்டாப் போதுமாம். முதல் வருசம் இதுக்கு மேல போகவே கூடாது எண்டு கார்ல் சொன்னவனாம். கார்ல் இவரோட வேலை செய்த வெள்ளைக்காரன். இப்ப லின்ட்சேப் பக்கம் தகப்பன்ர பண்ணையைப் பாக்கிறான், சின்னனில இருந்தே வில்லு வேட்டைக்காரன்.

"நாப்பது இறாத்தலோ? நான் ஒவ்வொரு நாளும் நூற்றி எண்பது இறாத்தல் கிழவனைத் தூக்கிறன்," எண்டன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். "டேய் நிமலன், உன்ர அத்தான் பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர வில்லோட மானுக்குப் போகப்போறாரடா. மான் சிரிச்சே சாகும்."

இவரும் சிரிச்சவர். பிறகு வில்லைக் கொண்டுபோய் உள்ள வைச்சிட்டார். பகிடிதானே. வீட்டில பகிடிகூட விடக்கூடாதெண்டா பிறகென்னத்துக்கு மனுசர்?

மே 30, வெள்ளி

புது வில்லு வந்திறங்கியிருக்கு. இது நெடுவில்லு, லோங்போ, இவரின்ர உயரம் இருக்கு. அம்பத்தைஞ்சு இறாத்தல். கார்ல் போனில கத்தினது குசினி வரைக்கும் கேட்டது. "ஒரு வருசம் பொறு எண்டனே, உனக்கென்ன அவசரம்?" எண்டு.

இவர் என்னைப் பாத்தார். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தன்.

ஜூன் 8, ஞாயிறு

நெடுவில்லை இழுக்கேக்க இவருக்குத் தாடை நடுங்குது. நாண் வந்து இடக்கையில அறைஞ்சு முழங்கை மட்டும் நாவற்பழ நிறத்தில கண்டிப்போச்சு. எண்ணெய் சூடாக்கி நான்தான் பூசிவிட்டன். "மெல்ல, மெல்ல," எண்டார். தோளும் பிடிச்சிருக்கு. தோளுக்குப் பயிற்சி குடுக்கிற இடத்துக்கு இனிக் கிழமைக்கு ரெண்டு தரம் போக வேணுமாம்.

ஜூன் 17, செவ்வாய்

எனக்கு லீவு. இவர் தோள் பயிற்சிக்குப் போயிட்டார். பழைய வில்லு அலுமாரிக்குப் பின்னால சும்மா கிடக்குதே எண்டு எடுத்துப் பாத்தன். யூடியூப்பில ஒரு பொம்பிளை சொல்லித் தாறாள். தோளால இழுக்காதே, முதுகால இழு எண்டு. அட, இதென்ன பெரிய வித்தை? கட்டில்ல இருந்து ஆளைத் தூக்கிறதும் அப்பிடித்தானே!

முதல் அம்பு வேலியில. ரெண்டாவது பெட்டியில. அதுக்குப் பிறகு ஒண்டும் பிழைக்கேல்லை. எனக்கு வந்த சந்தோசப் புளுகத்துக்கு மத்தியானம் சாப்பிடவும் மறந்துபோச்சு. இவர் வாறதுக்கு முதல் எல்லாத்தையும் இருந்த இடத்தில வைச்சிட்டன்.

ஜூலை 6, ஞாயிறு

ஒரு விசயம் கண்டுபிடிச்சன். நான் குசினிக்குள்ள மறைஞ்சு நிக்கேக்க இவரின்ர கை கன்னம் வரைக்கும் போகுது. நான் யன்னல் சீலையை அசைச்சா, கன்னத்துக்கு ஒரு சாண் இருக்கேக்கையே அம்பு கையை விட்டுப் பறக்குது. தற்செயலோ எண்டு திரும்பவும் அசைச்சுப் பாத்தன். திரும்பவும் அதே கதை. பிறகு சீலையை விட்டிட்டுச் சட்டியைத் தட்டிப் பாத்தன். அதுக்கும் அப்பிடியே.

யூடியூப்புக்காரி சொல்லுறாள், இது வில்லுக்காரருக்கு வாற ஒரு வியாதியாம். குறியைக் கண்டா மூளை பயந்து கையை அவிழ்த்து விடுமாம். அம்பு வேட்டையை விட்டே போன ஆக்கள் இருக்கினமாம்.

இவருக்குக் குறியில என்ன பயம்? ஸ்பொஞ்சுதானே.

ஜூலை 20, ஞாயிறு

பிடிபட்டுப் போனன். தோள் பயிற்சிக்காரன் வரேல்லை எண்டு இவர் நேரத்தோட வந்திட்டார். நான் பேப்பர்த் தட்டு ஒண்டைக் குத்திவைச்சு, அவர் நிக்கிறதிலும் பாக்கப் பின்னுக்கு நிண்டு விட்டுக்கொண்டிருந்தன். தட்டில ஐஞ்சு அம்பும் ஒரு பிடியா நிண்டது.

இவர் கிட்டப் போய்த் தட்டைப் பாத்தார்.

"எப்ப தொடங்கினீர்?"

"சும்மா, பொழுதுபோக்குக்கு. நாப்பது இறாத்தல்தானே. வேணுமெண்டா திருப்பித் தரட்டோ?"

"வேண்டாம்." பிறகு என்ர முகத்தைப் பாக்காமல் சொன்னார், "நளாயினி, தோட்டம் நான் போட்டனான், நீர் எடுத்தனீர். ஆட்டிறைச்சி காய்ச்சப் பழகினன், சட்டியை வாங்கிட்டீர். பரவாயில்லை. இது ஒண்டையாவது எனக்கு விடுமன்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவரின்ர தோட்டத்தில நான் கைவைச்ச பிறகுதானே கத்தரி காய்ச்சது? இவரின்ர கறியை நாயும் மணக்காது. மாசக்கணக்காக் கட்டில்ல கிடக்கேக்க தாங்கினது ஆர்? அதுக்கு ஒரு நன்றி உண்டோ? வில்லைப் பிடுங்கிற கள்ளியாமே நான்.

ஓகஸ்ட் 16, சனி

வேட்டைக்காரருக்கான வகுப்பு முடிச்சுப் பரீட்சையும் பாஸ். வகுப்பில நான் ஒருத்திதான் தமிழ், நான்தான் முதல். மான் லைசென்சுக்கும் போட்டாச்சு. இவருக்குச் சொல்லேல்லை. சொன்னா மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருப்பார்.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

இப்ப ஒவ்வொரு சனியும் கார்லின்ர பண்ணைக்குப் போய் வாறார். வேட்டை இன்னும் திறக்கேல்லை, சும்மா பாக்கப் போறார். வந்து கார்லோட போனில ஒரு மணித்தியாலம் கதை. காத்து எந்தப் பக்கம், சோளக்காட்டில எந்த மூலையால மான் இறங்குது, எந்த மரத்தில கொம்பைத் தேய்ச்சிருக்கு. கார்லோட சிரிக்கவும் செய்யிறார். எனக்கு மட்டும்தான் "ம்".

இண்டைக்குச் சோறு கொதிக்கேக்க குசினிக்க வந்து, நான் கேக்காமலே கதைச்சார். ஒரு கிடாய் மான் இருக்காம். ஒரு பக்கக் கொம்பு முறிஞ்சதாம். எல்லா மானும் வெளியில வந்த பிறகுதான் அது வருமாம். வந்தும் காட்டோரத்தில கனநேரம் நிண்டு பாக்குமாம். "என்னைக் கண்டிட்டுது எண்டு நினைக்கிறன் நளா. எண்டாலும் நிண்டது," எண்டார். கலியாணம் கட்டின புதுசில இப்பிடிக் கதைச்ச மனுசன். அடுப்பை நிப்பாட்டவும் மனமில்லாமல் நிண்டன்.

"அப்ப என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோவன்," எண்டன்.

"சோறு குழையப் போகுது," எண்டு போட்டு வெளியில போயிட்டார்.

ஒக்டோபர் 11, சனி

வேட்டை திறந்து ரெண்டாவது சனி. இண்டைக்கும் வெறுங்கை. மானைக் கண்டவராம், தூரமாம், விடேல்லையாம். தன்ர கைக்கு எட்டுற தூரம் தனக்குத் தெரியுமாம், அதுக்கு அங்கால விடுறது பாவமாம். ஒண்டையும் கொண்டு வராமல் வந்து, சிரிச்சுக்கொண்டு ரெண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிடுறார்.

ஒண்டும் இல்லாமல் ஒரு மனுசனுக்கு எங்கால வருது இவ்வளவு சந்தோசம்?

கார்லுக்குப் போன் எடுத்தன். என்னட்டையும் லைசென்ஸ் இருக்கு, வரலாமோ எண்டு. "கேதீசுக்குச் சம்மதமெண்டா எனக்கும் சம்மதம்," எண்டான். இவருக்குச் சம்மதம் எண்டு சொல்லிட்டன்.

ஒக்டோபர் 25, சனி

மான் அடிச்சாச்சு. நான்தான்.

ஒழுங்காத் தொடக்கத்தில இருந்து எழுதுறன். விடியக்காலமை இவர் காரடிக்கு வரேக்க நான் முன் சீற்றில இருந்தன், வில்லு மடியில. லைசென்சைக் காட்டினன். கார்ல் ஓமெண்டிட்டான் எண்டும் சொன்னன். கார்க் கதவைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டார். ஏசுவார் எண்டு பாத்தன். ஏசியிருந்தா நல்லாயிருந்திருக்கும். பண்ணையில இறங்கினாப் பிறகுதான், "பின்னால இரும். அசையாதையும்," எண்டார்.

சோளக்காட்டு மூலையில விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால இருந்தம். அவர் முன்னுக்கு, நான் அவரின்ர முதுகுக்குப் பின்னால. குளிர் எலும்புக்குள்ள போச்சு. ரெண்டு பெட்டை மான் வந்து போனது. பிறகு அது வந்தது, ஒரு கொம்பு முறிஞ்சது. இவர் சொன்ன மாதிரியே காட்டோரத்தில நிண்டு நிண்டு, மெல்ல மெல்லக் கிட்ட வந்து பக்கம் காட்டி நிண்டது. மரத்துக்கு அந்தப் பக்கம்தான், மூச்சு விடுறது புகையாத் தெரிஞ்சது. இவர் எழும்பி நாணை இழுத்தார். கை பாதி வழியில நிண்டிட்டுது. கன்னத்துக்கு ஒரு சாண். தோள் நடுங்குது, கழுத்து நரம்பெல்லாம் எழும்புது, கை அங்கால போகேல்லை.

நான் அசையேல்லை. சத்தியமா அசையேல்லை. மூச்சுத்தான் விட்டன்.

இவர் அம்பை விடாமல் மெல்ல வில்லை இறக்கிட்டார். மான் விலகித் தூர நடக்கத் தொடங்கினது. நான் எழும்பினன். இவர் திரும்பிப் பாத்துத் தலையாட்டினார், வேண்டாம் எண்டு. வாயைத் திறந்து சொல்லவும் சொன்னார், "தூரம். விடாதையும் நளா."

நான் இழுத்தன், கன்னத்தில விரல் முட்டினது, விட்டன்.

சத்தம் ஈரச் சீலையைக் கல்லில அடிச்ச மாதிரி இருந்தது. மான் முதுகைக் கூனிக்கொண்டு, ஓடாமல், நடந்து பத்தைக்குள்ள போச்சு.

"வயித்தில பட்டிட்டுது," எண்டார். "இப்ப பின்னால போகக்கூடாது. பின்னேரம் வரைக்கும் விட வேணும். விட்டா ஒரு இடத்தில படுத்து அமைதியாச் சாகும். துரத்தினா ஓடும், சீவன் போகாது."

பின்னேரம் மட்டும் அந்தக் குளிரில ஆர் இருக்கிறது? மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. இரத்தம் கழுவுப்பட்டால் பிறகு எங்க தேடுறது? "என்ர மான். நான் போறன்," எண்டு போட்டு நடந்தன். கொஞ்சத் தூரத்தில படுத்திருந்தது, என்னைக் கண்டு எழும்பி ஓடினது. படுத்த இடத்தில பச்சையும் சிவப்புமாக் கிடந்தது. மணம் தாங்கேலாது. அதுக்குப் பிறகு இரத்தத் துளிதான். எனக்கு ஒண்டும் தெரியேல்லை, எல்லாம் இலையாத்தான் தெரிஞ்சது. இவர் முழங்காலில இருந்து, ஒவ்வொரு துளிக்கும் பக்கத்தில அடையாளத்துக்கு ஒரு ரிஷ்யூப் பேப்பர்த் துண்டை வைச்சு வைச்சுத் தவண்டார். அது ஒவ்வொரு தரமும் படுக்கும், நாங்கள் கிட்டப் போக எழும்பும். மத்தியானம் திரும்பிப்போச்சு.

கடைசியில ஓடையோரம் நாணலுக்குள்ள கிடந்தது. தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. எங்களைப் பாத்துக்கொண்டிருந்தது. நான் அம்பைக் கோத்தன், ஆனா கை விறைச்சுப்போச்சு. குளிர்தான். வேற ஒண்டுமில்லை.

இவர் என்னைத் தாண்டிப் போய், எனக்கு முதுகு காட்டிக்கொண்டு நிண்டு இழுத்தார். இந்தத் தரம் கை நேராக் கன்னத்துக்குப் போச்சு. ஒரே அம்பு. பிறகு பக்கத்தில குந்தி, அதின்ர கழுத்தில கையை வைச்சு என்னவோ சொன்னார். எனக்குக் கேக்கேல்லை. என்னட்டச் சொன்னதில்லைத்தானே.

குடலெடுத்துக் கழுவினது, இழுத்துக்கொண்டு வந்தது எல்லாம் அவர்தான். கொம்பைப் பிடிச்சுக்கொண்டு ஒரு படம் எடுங்கோ எண்டன். எடுத்துத் தந்தார். முதல் படம் தெளிவில்லை, ரெண்டாவது நல்லா வந்திருக்கு.

நவம்பர் 2, ஞாயிறு

நிமலன் வீட்டில மான் இறைச்சிக் கறி. கிட்டடிச் சொந்தமெல்லாம் வந்தது. படத்தைக் குடும்பக் குறூப்பில போட்டதில இருந்து எல்லாருக்கும் நான்தான் கதை. "அக்கா, எப்பிடி அடிச்சனீங்கள், சொல்லுங்கோ!" சொன்னன். சும்மா சொல்லேல்லை, எழும்பி நிண்டு நடிச்சே காட்டினன். இவர் இழுத்தது, கை பாதி வழியில நிண்டது, தோள் நடுங்கினது. பிள்ளையளெல்லாம் நிலத்தில உருண்டு சிரிச்சுதுகள். ரெண்டாந்தரமும் செய்யச் சொல்லிக் கேட்டுதுகள், செய்தன்.

இவரும் எல்லாரோடையும் சேந்து சிரிச்சவர். பருப்பும் சோறும் மட்டும் சாப்பிட்டவர். இறைச்சி வேண்டாமாம். கடைசி அம்பு ஆர் விட்டது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. என்ர அம்பு பட்டதுதானே.

நவம்பர் 8, சனி

பண்ணைக்குப் போகேல்லையோ எண்டு கேட்டன். "ம்" எண்டார்.

நவம்பர் 13, வியாழன்

கார்ல் மூண்டு தரம் போன் எடுத்திட்டான். இவர் எடுக்கிறாரில்லை. சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார்.

நவம்பர் 30, ஞாயிறு

ஆரணி வந்து தகப்பனைக் கூட்டிக்கொண்டு போட்டாள். உடுப்பெல்லாம் அவளே அடுக்கினாள். இவர் சின்னப் பிள்ளை மாதிரிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில நிண்டார். வில்லு ரெண்டும் மூலையில நிண்டது, அந்தப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை.

"அம்மா, உங்களுக்கு அதுவும் வேண்டிக் கிடந்ததோ?" எண்டாள்.

"என்னடி கதைக்கிறாய்? நான் என்ன, ஆளையோ கொலை செய்தனான்? ஒரு மானைத்தானே அடிச்சனான். இவரும் அடிச்சிருக்கலாம், ஆர் தடுத்தது?"

அவள் பெட்டியைத் தூக்கினாள். நான் இவரைப் பாத்து, "குளிசையளை நேரத்துக்குப் போடுங்கோ," எண்டன். தலையாட்டினார். கார் போனாப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு எடுத்து வைச்ச இவரின்ர கோப்பையைக் கண்டு எனக்கு அழுகை வந்திட்டுது. எல்லாத்தையும் கழுவி அடுக்கிப்போட்டுத்தான் நிப்பாட்டினன்.

டிசம்பர் 14, ஞாயிறு

குளிர்ப்பெட்டி நிறைய மான் இறைச்சி. காய்ச்சித் தின்ன ஆளில்லை. வேலையில இருக்கிற பிலிப்பீனோப் பிள்ளைக்குக் கொஞ்சம் குடுத்தன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். சின்னப் பானையில பொங்கிப் படைச்சிட்டு ஆரணிக்குப் போன் எடுத்தன்.

"அப்பாட்டக் குடு."

"வெளியில போட்டார் அம்மா."

"இந்தக் குளிருக்கையோ?"

"விடியவே போட்டார். இப்ப ஒண்டு புதுசாத் தொடங்கியிருக்கிறார். ரெண்டு கிழமையா ஒவ்வொரு நாளும் போறார். நல்லாச் சாப்பிடுறார், கதைக்கிறார். நேற்றுச் சிரிச்சவர்."

எனக்குச் சந்தோசம்தான். ஏன் இல்லாமல்? கட்டின மனுசன் சிரிச்சா எனக்குச் சந்தோசமிராதோ? "என்ன தொடங்கினவர்?" எண்டு கேட்டன்.

போனைக் காதோட அமத்திப் பிடிச்சன்.

"சொல்லமாட்டன் அம்மா."

"ஏன்டி?"

"சொன்னா நீங்களும் வந்திடுவியள்."

போனை வைச்சிட்டாள். பெத்த தாயிட்டைச் சொல்லுற கதையோ இது? நான் ஏன் வேட்டைக்கு வந்தன், ஆரோட இருக்க வந்தன் எண்டு இந்த வீட்டில ஒருத்தரும் கேக்கேல்லை. யோசிச்சுக்கொண்டே இருந்ததில பொங்கல் ஆறிக் கட்டியாப் போச்சு.

விடிய வெள்ளன, இந்தக் குளிருக்குள்ள, அதுவும் ஒவ்வொரு நாளும். என்னவா இருக்கும்? ஐஸில ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறாங்களே, அதாத்தான் இருக்கும். கூடாரத்துக்குள்ள கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறது. அது ஒண்டும் பெரிய கஷ்டமில்லை. சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை, கடையில போய்த் தூண்டில் விசாரிச்சுப் பாக்க வேணும்.